தேயும் நாரும் தேயாத அச்சும்



வெள்ளவத்தையிற் குடியிருந்துகொண்டு, கொட்டாஞ்சேனைப் பக்கத்திலுள்ள அரசினர் பாடசாலையொன்றுக்கு நாள்தோறும் சென்று வருபவன் நான். காலை ஆறு மணிக்கு முன்னரே காலி வீதியில் வந்து நின்றால் ஓர் ஓசை காதில் விழும். ஈர்க்கு விளக்குமாறு தார் வீதியில் உரசும் ஓசை அது. பேருந்து கோட்டையைக் கடந்து கொட்டாஞ்சேனைச் சந்தியை அடையும்போது அங்கும் அதே ஓசை. சில அகன்ற வீதிகளில், ஓரக்கல்லை ஒட்டிச் சுழலும் தூரிகை பூட்டிய வாகனம் ஊர்ந்து செல்வதையும் இப்பொழுது காணலாம். வீட்டிலே நாம் பிரஷ் என்று சொல்வதைத்தான் தூரிகை என்கிறேன். அச்சொல் ஓவியனை நினைவூட்டுமாயின் நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

அந்தச் சுழல் தூரிகையைப் பற்றி நான் சிந்திக்கத் தொடங்கியது ஒரு தோல்வியினாலேதான். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பாடசாலையின் விஞ்ஞானக் கண்காட்சிக்காக மேல் வகுப்பு மாணாக்கர் நால்வர் ஒரு பொறியைச் செய்தனர். மர உருளையொன்றின் மேல் தென்னந்தும்பைப் பசையிட்டு ஒட்டி, பழைய சைக்கிளொன்றின் சங்கிலியாலும் பற்சில்லாலும் அதனைச் சுழலச் செய்து, தள்ளிக்கொண்டு போனால் வகுப்பறை விறாந்தையைக் கூட்டும்படி அமைத்திருந்தனர். முதல்நாள் அது நன்றாகவே கூட்டியது. இரண்டாம் நாள் நார்கள் உதிரத் தொடங்கின. மூன்றாம் நாள் உருளையின் நடுப்பகுதி மொட்டையாயிற்று. நடுவராக வந்த ஆசிரியர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: “நார் தேய்ந்தால் என்ன செய்வீர்கள்?” பிள்ளைகள் விழித்தனர். பசையைச் சுரண்டி மறுபடி ஒட்டுவதைவிட உருளையையே எறிந்துவிட்டுப் புதிது செய்வது இலகு என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சிறிது நேரங்கழித்து அவர்களுள் ஒருவன், “எங்கட அப்பா விளக்குமாற்றைக் கழிக்க மாட்டார் சேர். கட்டை அவிழ்த்து ஈர்க்கை மட்டும் மாத்துவார்” என்றான். பாடசாலைப் பதிவேட்டிலே தந்தையின் தொழில் என்னுமிடத்தை வெறுமையாக விட்டிருந்த மாணவன் அவன். அவனுடைய தந்தை நகரின் வீதிகளைக் கூட்டும் தொழிலாளி என்பதை அன்றுதான் நான் அறிந்தேன்.

நான் படித்தது கலைத் துறை, பொறியியலன்று. ஆனால் அந்தப் பையன் சொன்ன ஒரு வாக்கியத்துக்குள் நூற்றாண்டுகளின் வரலாறு அடங்கியிருப்பதைப் பின்னர் நூல்களைப் புரட்டியபோது கண்டேன். சுழல் தூரிகையின் வரலாறு என்பது, தேயும் உறுப்பையும் தேயாத உறுப்பையும் வெவ்வேறாகப் பிரிக்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாறேயாகும். அச்சு நிலைக்க வேண்டும். நார் தேய வேண்டும். நார் தேயாவிடின் அது தன் வேலையைச் செய்யவில்லை என்பதே பொருள். எனவே, நன்றாக அமைக்கப்பட்ட தூரிகையானது நாரின் அழிவை முன்கூட்டியே எண்ணி, அதற்கென ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கும்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தை முதலிற் பார்ப்போம். பஞ்சாலைகளின் நகரம் அது. புகையும் சேறும் நிறைந்தது. 1842ஆம் ஆண்டிலேதான் தொழிலாளர் வாழ்ந்த இடங்களின் சுகாதாரக் கேட்டைப் பற்றி எட்வின் சாட்விக் தம் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார். அதே ஆண்டில், அந்நகரத்துப் பொறியியலாளரான ஜோசப் விட்வர்த் வீதி கூட்டும் யந்திரமொன்றுக்கு உரிமம் பெற்றார். குதிரை இழுக்கும் வண்டி அது. வண்டியின் சில்லுகள் உருளும்போது, முடிவில்லாச் சங்கிலியொன்றிற் கோத்த துடைப்பங்கள் வரிசை வரிசையாகச் சுழன்று வந்து, சேற்றை ஒரு சாய்தளத்தின் வழியே மேலே தள்ளி வண்டிக்குள் விழச் செய்யும்.

இந்த விட்வர்த் யார் தெரியுமா? அதற்கு முந்திய 1841ஆம் ஆண்டில், திருகாணிகளின் புரிகள் நாடெங்கும் ஒரே அளவினவாக இருக்க வேண்டும் என்று பொறியியலாளர் கழகத்தின் முன் எடுத்துரைத்தவர் அவரேயாவர். அதுவரை ஒரு பட்டறையின் ஆணிக்கு மற்றொரு பட்டறையின் சுரை பொருந்தாது. புரியின் கோணம் 55 பாகை என்றும், இன்ன தடிப்புக்கு ஓர் அங்குலத்தில் இத்தனை புரி என்றும் அவர் வகுத்த பின்னரே, பழுதான உறுப்பைக் கழற்றிவிட்டு வேறோரிடத்திற் செய்த உறுப்பை மாட்டுவது எளிதாயிற்று. அவருடைய துடைப்ப வண்டியை இன்று ஒருவரும் நினைப்பதில்லை, திருகாணியைத்தான் நினைக்கிறார்கள். எனக்கோ இரண்டும் ஒரே மனத்தின் இரு பிள்ளைகளாகவே தோன்றுகின்றன. கழற்றி மாட்ட முடியாத உலகத்தில், நார் மாற்றும் தூரிகையை யார்தான் எண்ணிப் பார்த்திருப்பார்?

அமெரிக்காவிலே 1876இல் மெல்வில் பிசெல் என்பவர் கம்பளங் கூட்டும் கைப்பொறியொன்றுக்கு உரிமம் பெற்றார். மிஷிகன் மாநிலத்தின் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரத்தில் பீங்கான் கடை வைத்திருந்தவர் அவர். பொருள்களைப் பொதிந்துவரும் மரத்தூள் கடைக் கம்பளத்திற் சிந்துவது பெருந் தொல்லையாக இருந்ததாம். அவருடைய பொறிக்குரிய தூரிகைகளை அவ்வூர்ப் பெண்கள் தத்தம் வீடுகளிலிருந்தே செய்துகொடுத்தனர். பன்றி மயிரைச் சிறு குச்சமாகக் கட்டி, கொதிக்கும் கீலில் தோய்த்து, உருளையின் துளைகளிற் செருகி, கத்தரியால் நுனியைச் சமமாக்குவது அவர்களுடைய வேலை. பிசெலின் மனைவி அன்னா துணிக் கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று அவற்றைச் சேகரிப்பார். 1889இல் கணவர் மறைந்தபின் நிறுவனத்தை நடத்தியவரும் அந்த அம்மையாரே. நேர்த்தியான வேலைதான், ஆனால் கீலில் ஊறிய குச்சம் துளையைவிட்டு இலகுவில் வராது. எங்கள் மாணாக்கர் பசையால் விட்ட பிழையின் உறவினன் இது.

1896இல் நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் புறூக்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கர் உரிமம் பெற்ற வீதி கூட்டும் வண்டியில் ஒருபடி முன்னேற்றம் உண்டு. அதன் சுழல் தூரிகைகளைக் கழற்றிவிட்டு, பனிக்காலத்திற் பனியை வழிக்கும் தட்டைப் பலகைகளை மாட்டிக்கொள்ளலாம். உறுப்பை மாற்றுதல் இங்கே பழுது பார்த்தலாக மட்டுமன்றி, பருவத்துக்கேற்ற ஆடையாகவும் ஆகிவிடுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். வெள்ளவத்தையிலே ஒரு பெரும் பஞ்சாலை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த அந்த நூற்பு நெசவு ஆலையில் தமிழரும் மலையாளிகளும் சிங்களவரும் ஆயிரக்கணக்கில் உழைத்தனர். 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தமும், அதில் முன்னின்ற கொல்வின் ஆர். டி சில்வாவின் பெயரும் நம் தொழிற்சங்க வரலாற்றிற் பதிந்துள்ளன. ஆலை இன்று இல்லை. ஹவ்லொக் வீதிப் பக்கமாக அது நின்ற நிலத்தில் மாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசுவோர் உளர். அத்தகைய ஆலைக்குள்ளே சுழன்ற தூரிகையைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

பஞ்சு நூலாகுமுன் அதனை வாரிச் சீவவேண்டும். நம் தாய்மார் சிக்குப் பிடித்த தலையை வாருவது போன்றதே அது. முற்காலத்தில் கம்பிப்பல் பதித்த இரு பலகைகளைக் கையிற் பிடித்துச் சீவினர். 1748இல் லூயிஸ் பால் என்பவர் அப்பற்களை ஓர் உருளையின்மேல் ஏற்றிச் சுழல வைத்தார். உருளையோடு பற்கள் நேராகப் பிணைக்கப்பட்டிருந்தால், பற்கள் மழுங்கியதும் உருளை வீணாகிவிடும். ஆகவே மெல்லிய கம்பிகளை வளைத்துத் தோற்பட்டையில் நெருக்கமாகக் குத்தி ஏற்றி, அப்பட்டையை உருளைக்கு உடுத்தினர். பிற்காலத்திற் பல மடிப்புத் துணியாலான நீண்ட பட்டை வந்தது. மம்மட்டிப் பிடியிற் கயிறு சுற்றுவதுபோல அதனை உருளையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இறுக்கிச் சுற்றுவர். மழுங்கினால் சாணையுருளை கொண்டு தீட்டுவர். தீட்டித் தீட்டிக் கம்பி குறுகிவிட்டால் பட்டையை அவிழ்த்துவிட்டுப் புதியதைச் சுற்றுவர். வார்ப்பிரும்பு உருளை தலைமுறை தலைமுறையாக அப்படியே நிற்கும்.

இதைவிடத் தூய எடுத்துக்காட்டு வேறில்லை எனலாம். ஆனால் அந்தக் கம்பிகளைப் பட்டையிற் குத்தியவர் யார்? 1797இல் அமோஸ் விட்டமோர் என்ற அமெரிக்கர் அதற்கொரு பொறியைக் கண்டுபிடிக்கும்வரை, பெண்களும் சிறுபிள்ளைகளும் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கையாற் குத்தினர். ஆலைக்குள்ளே, கம்பிகளிடையே அடைந்த சிறு நாரை மற்றொரு சுழல் தூரிகையால் துடைத்தெடுப்பவரும், கம்பியைத் தீட்டுபவரும் மிகுந்த தூசியைச் சுவாசித்தனர். ஞாயிறு ஓய்ந்து திங்கள் வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுகும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்விறுக்கம் வாரம் முழுதும் நீளும். பஞ்சுத் தூசி தரும் இந்நோய்க்கு இழப்பீடு வழங்கும் ஏற்பாடு பிரித்தானியாவில் 1940களிலேதான் உண்டாயிற்று. யந்திரத்தின் பல்லை மாற்ற வழி கண்ட உலகம், மாற்ற முடியாத உறுப்பாகிய நுரையீரலைக் கவனிக்க இரண்டு நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

ஆலையின் தூரிகை கம்பியாலானது. வீதியின் தூரிகைக்கு நார் வேண்டும். அந்த நாருக்காக உலகம் நம் தீவைத் தேடி வந்தது.

தென்னந்தும்பின் பெருமை பழையது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ பாரசீகக் குடாவின் ஹோர்முஸ் துறையைக் கண்டபோது, அங்குள்ள மரக்கலங்கள் ஆணியின்றி, தென்னந்தும்புக் கயிற்றினால் தைக்கப்பட்டிருந்தன என எழுதி வைத்தார். ஆங்கிலத்தில் இந்நாருக்கு வழங்கும் பெயரே நம் கயிறு என்னும் சொல்லின் உறவினால் வந்தது. கடல்நீரில் ஊறினும் எளிதில் உக்காமைக்குக் காரணம், அதிற் செறிந்துள்ள லிக்னின் என்னும் மரப்பொருள்.

ஆனால் கயிற்றுக்கு ஏற்ற நார் வேறு. தூரிகைக்கு ஏற்ற நார் வேறு. கயிற்றுக்கு இளக்கம் வேண்டும். தூரிகைக்கு விறைப்பும் நீளமும் வேண்டும். முற்றிய தேங்காயின் பொச்சுமட்டையைச் சில வாரங்கள் நீரில் ஊறவைத்து, அதிலிருந்து விறைத்த நீண்ட நாரைப் பிரித்தெடுக்கும் முறை இலங்கையிற் சிறப்பாக வளர்ந்தது. அதற்கென வழங்கிய யந்திரத்துக்கு உலகச் சந்தையில் ‘சிலோன் ட்ரம்’ என்றே பெயர். நம் பழைய பெயரைத் தாங்கிய அந்த உருளைகள் எப்பொழுதும் இரண்டிரண்டாகவே நிற்கும். ஒன்றின் மேற்பரப்பில் தடித்த இரும்பு ஆணிகள். மற்றதில் மெல்லிய ஆணிகள். உருளை சுழலும்போது தொழிலாளி மட்டைத் துண்டின் ஒரு முனையை இறுகப் பிடித்து மறுமுனையை ஆணிகளுக்குக் கொடுப்பார்; பின் திருப்பிப் பிடித்து எஞ்சிய பாதியைக் கொடுப்பார். குறுநார் சிதறிக் கீழே விழும்; மெத்தைக்குப் பயன்படும் நார் அது. கையில் எஞ்சி நிற்பதே தூரிகை நார். அதனை உருக்குச் சீப்புகளில் வாரி, நுனி ஒப்பமாக்கிக் கட்டுவர். எத்தனை முறை வாரி எத்தனை கட்டுக் கட்டப்பட்டது என்பதைக்கொண்டே அதன் தரம் சொல்லப்படும்.

நேயர்களே, இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அந்த ஆணி உருளை தானும் ஒரு சுழல் தூரிகையே. ஆணிகள் தேயும், வளையும், முறியும். மரச்சட்டத்திலிருந்து பழைய ஆணியைப் பிடுங்கிவிட்டுப் புதியதை அடித்தால் உருளை மறுபடி வேலைக்கு ஆயத்தம். நார் மாற்றும் தூரிகையொன்று, உலகெங்குமுள்ள தூரிகைகளுக்கு மாற்று நாரைப் பிறப்பித்தது! அந்த ஆணிகளுக்கு முன்னாற் கைகளை நீட்டி நின்றவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். மட்டைத் துண்டு குட்டையாயிருப்பின் விரலுக்கும் ஆணிக்கும் இடையில் இருப்பது சில அங்குலமே.

கொழும்பு, குருநாகல், சிலாபம் ஆகிய மூன்றையும் இணைக்கும் தென்னை முக்கோணத்திலிருந்து கொப்பறாவும் தும்பும் கொழும்புக்கு வந்தன. புத்தளம்வரை ஓடும் பழைய கால்வாயில் கூரையிட்ட தட்டைப் படகுகள் இச்சரக்குகளைச் சுமந்து வந்த காலம் உண்டு. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார். அது எழுந்தபின் காலியில் நின்ற கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. துறைமுகத்தின் தோளிலே அமைந்த கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் களஞ்சியங்களாலும் கூலித் தொழிலாளராலும் நிறைந்தன. கபிலநிறத் தும்பின் ஏற்றுமதியில் இலங்கை உலகின் முதலிடத்தில் நெடுங்காலம் நின்றது.

வடபுலத்தாருக்கு ஒரு குறை இருக்கக்கூடும். பனையை மறந்துவிட்டேனே என்று. மறக்கவில்லை. இளம் பனையின் மட்டையடியைக் கொட்டாப்புளியால் தட்டிப் பிரித்தெடுக்கும் பனந்தும்பு, தென்னந்தும்பைவிடத் தடிப்பும் விறைப்பும் மிக்கது. தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அது ஐரோப்பாவுக்குச் சென்று வீதித் துடைப்பங்களிற் புகுந்தது. 1850இலேயே வில்லியம் பெர்குசன் என்பவர் பனையைப் பற்றி ஆங்கில நூலொன்றைக் கொழும்பில் வெளியிட்டார். பனையின் பயன்கள் 801 எனத் தமிழிலே பாடிய தாலவிலாசம் அந்நூலின் வழியாகவே வெளிநாட்டாருக்குத் தெரியவந்தது. 1978இற் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. பின்னர் வந்த போர் ஆண்டுகளில் எத்தனையோ பனைகள் தலையிழந்தன. அது தனியே பேசவேண்டிய துயரம்.

நாரை உருளையோடு எப்படிப் பிணைப்பது என்பதே இனி எஞ்சிய கேள்வி. குச்சத்தை மடித்துக் கம்பியாற் பிடித்துத் துளைக்குள் இழுப்பது ஒரு வகை. அழகாயிருக்கும், ஆனால் மாற்றுவதற்கு மணிக்கணக்காகும். நாரை வரிசையாக அடுக்கி, நடுவில் ஒரு கம்பியை வைத்து மடித்து, உலோகத் தகட்டாலான நீண்ட தவாளிக்குள் நெரித்து ஒரு பட்டையாக்குவது இன்னொரு வகை. உருளையில் நீளவாட்டாகவோ திருகுசுருளாகவோ வெட்டிய தவாளிப்புகளில் அப்பட்டைகளைப் பக்கவாட்டில் நுழைத்து முனையிற் பூட்டினால் தூரிகை ஆயத்தம். மூன்றாவது வகையில், நார்கள் வெளிநோக்கி நிற்கும் வளையங்களை அப்பம் அடுக்குவதுபோல அச்சிற் கோத்து, இடையிடையே இடைவெளி வளையங்களை இட்டு, முனைத் தட்டை முடுக்கிவிடுவர். வீதி கூட்டும் வாகனங்களில் இப்பொழுது மிகுதியாக வழங்குவன பின்னைய இரண்டுமே.

எப்பொழுது மாற்றவேண்டும்? நாரெல்லாம் தீர்ந்தபின் என்று நான் எண்ணியிருந்தேன். எங்கள் பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டித் திருத்தினார். ஒரு முனையில் இறுகப் பிடித்த நாரின் நீளம் பாதியானால் அதன் விறைப்பு 8 மடங்காகும். தடிப்பு இருமடங்கானால் விறைப்பு 16 மடங்காகும். ஆகவே தேய்ந்த தூரிகை தளர்ந்த தூரிகையன்று. அது முரட்டுத் தூரிகை. நுனி வளைந்து தூசியை எறிவதற்குப் பதிலாகத் தரையைக் கீறும், அச்சை அதிரச் செய்யும். பாதி தேயுமுன்னரே மாற்றுவது அறிவுடைமை. அன்றியும், ஒரு பட்டை மட்டும் பழுதாகிவிட்டதென்று அதனை மட்டும் மாற்றினால், புதிய நீண்ட நார் மற்றவற்றின் சுமையையும் தானே தாங்கி விரைவிற் கெடும். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றவேண்டும். அல்லது புதியதை மற்றவற்றின் மட்டத்துக்கு வெட்டவேண்டும். ஒரே திசையில் நெடுநாள் சுழன்ற நார் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கும். உருளையைக் கழற்றி முனைமாற்றிப் பூட்டினால் அது மறுபடி நிமிரும். இதனால்தான் கழற்றும் வசதி மாற்றும் நாளுக்கு மட்டுமன்றி இடைநாளுக்கும் பயன்படுகிறது.

1938இல் நைலோன் நார் கொண்ட பற்தூரிகை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1954இல் இத்தாலியரான ஜூலியோ நாட்டா பொலிபுறொப்பிலீனை உருவாக்கினார். அதன்பின் வீதித் தூரிகைகளிலிருந்து நம் தும்பும் பனந்தும்பும் படிப்படியாக விலக்கப்பட்டன. செயற்கை நாரின் தடிப்பு ஒரே சீரானது. வேண்டிய நீளத்தில் வேண்டியமட்டும் கிடைக்கும். அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. எனினும் தும்பு தேய்ந்தால் மண்ணாகும். பிளாஸ்டிக்கு தேய்ந்தால் வடிகாலுக்கும் கால்வாய்க்கும், ஈற்றிற் கடலுக்கும் போகும். வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலையில் நடப்பவனாகிய எனக்கு இது புத்தகச் செய்தி மட்டுமன்று.

வீதியைக் கூட்டிய கைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் உருவாயிற்று. 1914இல் கொள்ளை நோய் நகருக்குள் நுழைந்தபோது, செட்டியார் தெருச் சூழலே முதலில் நடுங்கியது. கொட்டாஞ்சேனைக்கு அது கூப்பிடு தூரம். குப்பை அகற்றுதல் உயிர்காக்கும் பணி என்பதை அந்நோய் ஐயமின்றி உணர்த்தியது. அப்பணியைச் செய்தவர்களுட் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். நகரின் நெருக்கமான வரிசை வீடுகளிற் குடியிருந்து, விடியுமுன் நகரைத் துலக்கினர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இற் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமாகப் பங்கிட்டது. எஞ்சியோருக்கு வழிசெய்யும் சட்டம் 2003இலேதான் வந்தது. தெருவைக் கூட்டியவருட் பலருக்கு அத்தெரு கிடந்த நாட்டின் பிரசை என்ற பெயர் கிட்ட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பதிவேட்டிலே ஒரு பையன் விட்டுவைத்த வெற்றிடத்தை இந்த ஆண்டுகளோடு சேர்த்துத்தான் நான் வாசிக்கிறேன்.

கண்காட்சி முடிந்து இரண்டு வாரங்களின் பின், அந்தத் தந்தை ஒரு பிற்பகல் பாடசாலைக்கு வந்தார். மகன் அழைத்து வந்தான். இருக்கையில் அமருமாறு சொன்னேன்; விறாந்தையில் நின்றபடியே பொறியைப் பார்ப்பதாகச் சொன்னார். பிள்ளைகள் இதற்குள் தம் தூரிகையை மாற்றியமைத்திருந்தனர். பசை போய்விட்டது. உருளையின் நீளத்துக்கு ஆறு இடங்களில் இரட்டைச் சட்டங்கள். அவற்றுக்கிடையில் ஈர்க்கு வரிசை. சட்டங்களை இறுக்க ஆணியும் சுரையும். விட்வர்த்தைப் பற்றி அவர்களுக்கு ஏற்கனவே நான் சொல்லியிருந்தேன். அளவுக்கு மேலாகவே சொல்லியிருந்தேன் என நினைக்கிறேன்.

அவர் உருளையைக் கையாற் சுழற்றிப் பார்த்தார். ஓர் ஈர்க்கை விரலால் வளைத்தார். “சட்டத்தின்ர விளிம்பு கூர்மையா இருக்கு ஐயா. இறுக்க இறுக்க ஈர்க்கு நுனியில தேயாது, இடுப்பில முறியும்” என்றார். பின், விறாந்தை மூலையிற் கிடந்த பழைய சைக்கிள் ரியூப்பைச் சுட்டிக்காட்டினார். அதிலிருந்து கீலங்கீலமாக வெட்டி, சட்டத்துக்கும் ஈர்க்குக்கும் இடையில் வைத்து, ஆணியை எவ்வளவு முடுக்குவது என்பதையும் செய்து காட்டினார். எங்கள் பௌதிக ஆசிரியர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார்.

அந்தத் தூரிகை இன்றும் எங்கள் பாடசாலையில் உண்டு. கீழ்மாடி விறாந்தையை வெள்ளிக்கிழமைகளில் அதுவே கூட்டுகிறது. இதுவரை நான்கு முறை ஈர்க்கு மாற்றியாயிற்று. றப்பர்க் கீலங்கள் அவர் வைத்தவையே.